எண்ணெய் முழுக்குக் கதையில் நான் சொல்லாமல் விட்டது

செய்தி வந்தபோது நான் வேலைக்குப் போவதற்காகச் சிட்னியின் பென்டில் ஹில் ரயில் நிலையத்தில் நின்றிருந்தேன். ஸ்டெல்லா அக்காவின் மகள் ரூத் அழைத்தாள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. தூக்கத்திலேயே." செவன் ஹில்ஸ் போகும் ரயில் வந்து கதவைத் திறந்தது, மூடியது, போய்விட்டது. அதற்கடுத்ததும் போனது.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை என்பதை எழுதத்தான் வேண்டும். முதலில் வந்தது பயம். சாவுக்கான பயமல்ல, மூன்று மாதமாகப் படுக்கையில் கிடந்தவர், நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்ததுதான். அழுகைக்கு நடுவே ரூத் இன்னொன்றும் சொன்னாள்: "ஃபியூனரல்ல நீங்க பேசணும் ஆன்ட்டி. அந்த ஆயில் பாத் கதை. அம்மாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும்." நான் "ஓம் பிள்ளை" என்றேன். வாய் ஒத்துக்கொண்டுவிட்டது. கைப்பை நழுவி விழுந்ததைப் பக்கத்தில் நின்ற ஒருவர்தான் எடுத்துத் தந்தார்.

ஸ்டெல்லா அக்காவை அறிந்த உங்களுக்கு அந்தக் கதை தெரியும். அவர் திபெத்திய அகதிப் பிள்ளைகளுக்கு இமயமலையில் எண்ணெய் முழுக்கு நடத்திய கதை. பிறந்தநாள் விருந்துகளில், நத்தார்ப் பண்டிகை ஒன்றுகூடல்களில், அவரே எழுந்து நின்று நடித்துக் காட்டுவார். இறுதிச் சடங்கில் நானும் அதைச் சொன்னேன். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தீர்கள். இந்த நினைவு மலரிலும் அதையே எழுதித் தரும்படி ரூத் கேட்டாள். எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. நீங்கள் சிரித்தது அரைவாசிக் கதைக்கு. மிச்ச அரைவாசி பதினொரு வருடமாக என்னிடம் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். இதை வாசித்த பிறகு உங்களில் யார் என்னோடு முகம் பார்த்துப் பேசுவீர்கள் என்று தெரியவில்லை.

நாங்கள் சந்தித்தது செவன் ஹில்ஸில் உள்ள ஒரு மருந்துக் கிடங்கில். மருந்துக்கடைகள் கேட்டனுப்பும் மருந்துகளைத் தட்டுகளிலிருந்து எடுத்துப் பெட்டியில் அடுக்கி அனுப்புவது எங்கள் வேலை. அவர் எங்கள் பகுதிக்கு மேற்பார்வையாளர்; மலேசியாவின் ஈப்போவிலிருந்து மாணவியாக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து பயத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தவள். ஒரு கதவு பலமாகச் சாத்தினால் திடுக்கிடுவேன். ரயிலில் டிக்கெட் பரிசோதகரைக் கண்டால், சரியான டிக்கெட் கையில் இருந்தும் உள்ளங்கை வியர்க்கும். குடிவரவுத் திணைக்களத்துக் கடிதம் ஒன்றை இரண்டு நாள் பிரிக்காமல் குசினியில் சட்டிபானை அலுமாரிக்கு மேல் வைத்திருந்தேன் என்று கேட்டபோது ஸ்டெல்லா அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "நீ பயப்படறதுக்குத் தனியா ஓவர்டைம் போட்டுக்கோ லா" என்றார்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பெட்டியை ஒட்டுவதற்கு முன் டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுக்கியவரின் முகத்தைப் பார்த்து, "வேற ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்பார். சந்தேகம், நசுங்கிய பெட்டி, எண்ணிக்கை தடுமாறியது, எதுவானாலும் அந்த நேரத்தில் சொல்லலாம். சொன்னதற்காக அவர் யாரையும் ஏசியதில்லை. ஒட்டியபின் மேலே அவர் கையெழுத்து விழும். என் முதல் மாதத்தில் ஒரு பெட்டி திரும்பி வந்தது. பத்து மில்லிகிராம் மாத்திரை இருக்கவேண்டிய இடத்தில் நான் நாற்பதை வைத்திருந்தேன். வைக்கும்போதே எனக்குச் சந்தேகம் இருந்தது. அவர் கேட்டபோது பயத்தில் "இல்லை" என்றிருந்தேன். மேலாளரின் அறைக்குள் அவர்தான் போய் நின்றார். வெளியே வந்து என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "டேப் போடறதுக்கு முன்னாடி சொல்லிடு. போட்ட பிறகு அது என்னோடது."

ஊர் சுற்றுவதில் அவருக்குப் பைத்தியம். ஐம்பது வயதில் நீண்ட விடுமுறை எடுத்து, முதுகுப் பையோடு தனியாக வட இந்தியாவின் மலைப்பக்கம் போனார். மழையில் பாதை அடைபட்டு ஓர் ஊரில் மூன்று நாள் தங்கவேண்டி வந்தது. அங்கே திபெத்திய அகதிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இல்லம் ஒன்று இருந்தது. சும்மா பார்க்கப் போனவர் ஐந்து வாரம் தங்கிவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் போனார். ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பார், பொத்தான் தைப்பார், நகம் வெட்டிவிடுவார். "டூரிஸ்டாப் போனேன், நகவெட்டியாத் திரும்பி வந்தேன்" என்பார். திபெத்திய மொழியில் ஒருவரை மரியாதையாக அழைக்கப் பெயரோடு 'லா' சேர்ப்பார்களாம். இவரோ மலேசிய வழக்கப்படி "வா லா, சாப்பிடு லா" என்று வாய்க்கு வாய் சொல்வார். இந்த அம்மா நாய்க்குக்கூட மரியாதை கொடுக்கிறாரே என்று பிள்ளைகளுக்கு வியப்பு.

பதினொரு வருடத்துக்கு முன் ஒரு ஒக்டோபரில் என்னையும் கூப்பிட்டார். "இங்க உட்கார்ந்து பயப்படறதை அங்க வந்து பயப்படு. காத்தாவது நல்லா இருக்கும்." மறுக்கவும் பயந்து நான் போனேன். அங்கே ஒரு வீட்டில் பன்னிரண்டு பெண்பிள்ளைகள். வீட்டுக்கு ஒரு தாய். அவரைப் பிள்ளைகள் 'அமா-லா' என்று அழைப்பார்கள். சில பிள்ளைகளின் பெற்றோர் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள், பல வருடமாகப் பார்த்ததில்லை. அதைப் பற்றி எதுவும் கேட்கக்கூடாது என்பது ஸ்டெல்லா அக்காவின் சட்டம். "அவங்களாச் சொன்னா கேளு. நீயாத் தோண்டாதே."

இரண்டு வாரம் நான் எதற்கும் உதவாமல் இருந்தேன். என் ஆங்கிலம் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆங்கிலம் அல்ல. பிள்ளைகள் தலையைச் சொறிந்துகொண்டே இருந்தார்கள், எல்லாத் தலையிலும் பேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை கண்ணில் பட்டது. பென்டில் ஹில் கடையில் வாங்கிய நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் சீயக்காய்த் தூளும் என் பெட்டியில் இருந்தன. எங்கே போனாலும் எடுத்துப் போவேன். இந்த முழுக்கு யோசனை என்னுடையது. கதையில் அவர் தன்னுடையதாகச் சொல்வார், அது பொய். "இந்தக் குளிர்லயா?" என்று அவர் தயங்கினார். "சுடுதண்ணி வைச்சு வெயிலுக்குள்ள வாத்தால் ஒண்டும் செய்யாது அக்கா. எங்கட ஊரில கைக்குழந்தைக்கே வாக்கிறம்" என்று நான்தான் அடித்துச் சொன்னேன்.

சிரிப்புப் பகுதி உங்களுக்குத் தெரியும். தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் கட்டியாகிப்போய்க் கரண்டியால் தோண்டி எடுத்தது. வெள்ளிக்கிழமைதான் பெண்பிள்ளைகள் முழுக வேண்டும் என்று நான் அடம்பிடித்தும், பள்ளிக்கூடம் என்பதால் சனிக்கிழமைக்கு ஒத்திப்போட்டது. சீயக்காய் கண்ணில் பட்டு ஒருத்தி முற்றத்தைச் சுற்றி ஓட, எண்ணெய் பூசிய மற்றவர்கள் அவளைத் துரத்தியது. சுடுதண்ணீர் போதாமல் எண்ணெய் போகவே போகாமல், அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் எடுத்த படத்தில் ஒரே வரிசையாகத் தலைகள் மின்னியது. அவர் அதை நடித்துக்காட்டும்போது நானும் உங்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். அந்தப் படத்தில் பன்னிரண்டு தலை இல்லை, பதினொன்றுதான். அதை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

முழுக்கு நாளன்று காலை அமா-லா என்னைத் தேடிக் குசினிக்கு வந்தார். என் கையைப் பிடித்து, "பேமா, நோ. காஃப்" என்றார். எனக்கு விளங்கட்டும் என்று தன் நெஞ்சில் கைவைத்து இருமியும் காட்டினார். எனக்கு நன்றாகவே விளங்கியது. தலையாட்டினேன். பேமா அந்த வீட்டில் ஆகச் சிறியவள், ஆறு வயது, முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. மத்தியானம், அமா-லா கடைக்குப் போயிருந்த நேரம், வரிசையின் கடைசியில் தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு அவளும் நின்றாள். பதினொரு பேருக்கு வார்த்து முடித்திருந்தேன். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. கடைசி வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்த ஸ்டெல்லா அக்கா பழக்கதோஷத்தில் கேட்டார்: "கடைசி ஆளு. வேற ஏதாச்சும் இருக்கா?"

நான் "இல்லை அக்கா" என்றேன்.

ஏன் என்று பதினொரு வருடமாக என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். பெரிய காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. வேண்டாம் என்றால் பிள்ளை அழுவாள் என்று பயந்தேன். அந்த ஊருக்கு வந்து அன்றுதான் பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று சிரித்தார்கள். அது கெட்டுவிடும் என்று பயந்தேன். பேமாவின் தலையில் ஊற்றிய தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. அவள் பல்லில்லாத வாயால் சிரித்துக்கொண்டே நடுங்கினாள்.

மறுநாள் விடிந்தபோது அவளுக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கிடையில் தோல் உள்ளே போய் வந்தது. வெளியே மழை. இல்லத்துப் பொறுப்பாளர் ஜீப்பைக் கூப்பிட்டுவிட்டு எங்களை முன்னே நிறுத்தி ஆங்கிலத்தில் கேட்டார்: "இந்தப் பிள்ளைக்குச் சுகமில்லை என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?" அமா-லா கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். ஸ்டெல்லா அக்கா சொன்னார்: "நான்தான் பொறுப்பு. நான் விசாரித்திருக்க வேண்டும். தவறு என்னுடையது." டேப் ஒட்டியாகிவிட்டது.

பாதி வழியில் மண் சரிந்து பாதை மூடிக் கிடந்தது. அந்தப் பக்கம் வேறு வண்டி வரும், நடந்து கடக்க வேண்டும் என்றான் ஓட்டுநர். ஸ்டெல்லா அக்காவுக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. பிள்ளையைச் சால்வையால் முதுகில் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். மேலிருந்து சிறு கற்கள் உருண்டு வந்தன. நான் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு போனேன். கால் வழுக்கும்போதெல்லாம் பேமாவின் தலை ஒரு பக்கம் சரியும். செத்துவிட்டாள் என்றே ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். அவள் தலையிலிருந்து நல்லெண்ணெய் வாசம் வந்துகொண்டிருந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் நல்லெண்ணெய் இல்லை. கேட்பவர்களிடம் ஒத்துக்கொள்வதில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

நுமோனியா. மூன்று நாள் பிள்ளையின் முகத்தில் ஒக்சிஜன் முகமூடி. இரண்டாம் நாள் அமா-லாவும் வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு மரக் கதிரையில் நாங்கள் இருவரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் கையைப் பிடித்தேன், என் கையைவிடக் குளிர்ந்து கிடந்தது. "அக்கா, உங்களுக்கும் பயமா?" என்று கேட்டுவிட்டேன். "பின்னே என்னா? எனக்கும் பயம்தான். அது பாட்டுக்கு இருக்கட்டும் லா. எழுந்து போய்ப் பிள்ளைக்குக் கால் தேய்ச்சு விடு" என்றார். அவரை நீங்கள் துணிச்சல்காரி என்பீர்கள். துணிச்சலை நான் அவரிடம் கண்டதில்லை. பயந்துகொண்டே வேலை செய்வதைத்தான் கண்டேன்.

பேமா பிழைத்தாள். நாங்கள் சிட்னிக்குத் திரும்பினோம். இனி வெளியார் யாரும் பிள்ளைகளின் வீட்டில் தங்கக்கூடாது, குளிப்பாட்டக்கூடாது என்று இல்லம் முடிவெடுத்தது. நியாயமான முடிவு. அடுத்த வருடம் ஸ்டெல்லா அக்கா ஊருக்குள் அறை எடுத்துத் தங்கி, வகுப்பு நேரத்துக்கு மட்டும் மலையேறிப் போய் வந்தார். பிள்ளைகளோடு ஒரே கூரையின் கீழ் இருப்பதற்காகவே வருடம் முழுதும் விடுமுறை சேர்த்தவர் அவர். அந்தக் கவலையை யாருக்கும் காட்டாமல் சிரிப்புக் கதையாக்கிவிட்டார்.

ஒவ்வொரு வருடமும் புறப்படுமுன் என்னைக் கேட்பார்: "இந்த வருஷம் வர்றியா?" முழங்கால், லீவு இல்லை, மகளுக்குப் பரீட்சை என்று ஏதாவது சொல்வேன். "சரி. வேற ஏதாச்சும் இருக்கா?" என்பார். "இல்லை அக்கா." பயணப் பையை இழுத்துப் பூட்டிக்கொண்டு போய்விடுவார். கடைசியாக அவரைப் பார்க்கப் போனபோது குரல் எழும்பவில்லை. குனிந்து காதைக் கொடுத்தேன். அப்போதும் அதைத்தான் கேட்டார். "இல்லை அக்கா, நீங்கள் படுங்கோ" என்று போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

இறுதிச் சடங்கில் உங்களைச் சிரிக்க வைத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு, பேமாவுக்குச் செய்தி சொல்லும் வேலையை ரூத் என்னிடம் தந்தாள். நான்கு நாள் அவளுடைய தொலைபேசி இலக்கத்தை எழுதி மேசையில் வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஐந்தாம் நாள் மாலை அழைத்தேன். திரையில் ஒரு பதினேழு வயதுப் பெண். பக்கத்தில் நரைத்துப்போன அமா-லா. சாவைச் சொன்னேன், இருவரும் அழுதார்கள். அதன் பிறகு, நிறுத்தினால் ஒருபோதும் சொல்லமாட்டேன் என்ற பயத்தில், ஒரே மூச்சில் மற்றதையும் சொன்னேன். அன்று காலையில் அமா-லா என்னிடம் சொன்னதை. நான் தலையாட்டியதை.

பேமா அதை மொழிபெயர்த்தாள். அமா-லா நெடுநேரம் ஏதோ பேசினார். பேமா ஆங்கிலத்தில் எனக்குத் திருப்பிச் சொன்னாள்: "அமா-லா அதை ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாளே ஸ்டெல்லா-லாவிடம் சொல்லிவிட்டாராம். பொறுப்பாளரிடமும் சொல்லப் போனாராம். ஸ்டெல்லா-லாதான் தடுத்தார். அவள் ஏற்கெனவே நிறையப் பயந்தவள், அவளே வந்து சொல்லுவாள், காத்திருப்போம் என்றாராம்."

பதினொரு வருடம். எல்லாம் தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு வருடமும் கேட்டிருக்கிறார்.

நான் பேமாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அந்தத் தண்ணீர் எனக்கு ஞாபகமே இல்லை" என்றாள். "நீங்கள் ஏன் திரும்பி வரவில்லை என்பதுதான் ஞாபகம் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஸ்டெல்லா-லாவுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்ப்போம். நீங்கள் பிஸி என்பார்." குரலில் கோபம் இருந்தது. அது எனக்குச் சேரவேண்டிய கோபம்தான், நேரம் தவறி வந்து சேர்ந்தது.

ஸ்டெல்லா அக்காவின் பொருள்களில் ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று ரூத் சொன்னாள். முதுகுப் பையையும் நகவெட்டியையும் கேட்டு வாங்கினேன். ஒக்டோபருக்கு லீவு போட்டிருக்கிறேன். பேமாவும் அமா-லாவும் வாசலில் எந்த முகத்தோடு நிற்பார்கள் என்று நினைக்கும்போதே பயமாக இருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கட்டும். இனி அந்தக் கதையை யாராவது எங்காவது சொன்னால், தயவுசெய்து என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள். அந்தப் பெட்டியில் இருக்கவேண்டிய கையெழுத்து என்னுடையது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது பையும் நகவெட்டியும் மட்டுமல்ல, அவர் கடைசியாக என் காதில் விட்டுப்போன கேள்வியையும்தான்.

ஓம் அக்கா. இருக்கு.